முன்வரிசை

அக்டோபர் 12, ஞாயிறு
வெளியே 2. உள்ளே 21.

பள்ளிப் பேருந்து ஓட்டிய முப்பத்தொரு வருடமும் காலையில் முதல் காரியம் வெப்பமானியைப் பார்த்து எழுதுவதுதான். ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகியும் பழக்கம் போகவில்லை. என் மனைவி ரான்வெய்க் கேலி செய்வாள்: "கல்யாண நாள் மறந்துடும், மைனஸ் எத்தனைங்கறது மட்டும் மறக்காது உனக்கு."

இன்று வழக்கம்போல் பள்ளத்தாக்கை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அக்டோபரில் ஒரு ஞாயிறு, பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு, யார் யார் குளிர்காலத்துக்கு விறகை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து மனதுக்குள் மார்க் போடுவது என் வழக்கம். மனதுக்குள் என்று சும்மா சொல்கிறேன். மத்தியானத்துக்குள் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாலத்தடி வீட்டுக்கு ஐந்து, இடது பக்கம் தொந்தி தள்ளியிருக்கிறது. வாத்தியார் வீட்டுக்கு ஏழு. எல்லிங்குக்கு எப்போதும் பூஜ்யம். பக்கத்து வீட்டுக்காரன், ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவன், ஆனால் விறகை பெட்ரோல் பங்கில் மூட்டையாக வாங்குகிறவன். போதாததற்கு வீட்டுச் சுவரில் ஒரு ஹீட் பம்ப், விறகே இல்லாமல் கரண்டில் வீட்டைச் சூடாக்கும் பெட்டி.

சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றான். எங்கள் தெற்குச் சுவரை ஒட்டி ரோட்டைப் பார்த்து நிற்கும் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ் தோர்கிரிம், இந்த வருஷம் நூல் பிடிச்சு அடுக்கினியா? கேக்கை வெட்டின மாதிரி நிக்குது."

"உன் மூட்டைக்கு இது தேவலைதான்."

"தோள் எப்படி இருக்கு?"

"அது எப்பவோ சரியாயிடுச்சு."

அவன் போன பிறகு வெகுநேரம் காது சுட்டுக்கொண்டிருந்தது.

அக்டோபர் 13
வெளியே 0. உள்ளே 21.

காது ஏன் சுட்டது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு
வெளியே −3. உள்ளே 21.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

பிப்ரவரியில் கூரைமேல் கிடந்த பனியைத் தள்ள ஏறினபோது ஏணி சறுக்கி வலது தோள் அடிபட விழுந்தேன். தசைநார் கிழிந்துவிட்டது. இந்த வருடம் கோடாலியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஊரில் சுளுக்கு என்று சொன்னேன். பிர்ச் மரத்தை இலை விடுவதற்குமுன் வெட்டி, மே மாதத்துக்குள் பிளந்து அடுக்கி, கோடை முழுக்க வெயிலும் காற்றும் பட விட வேண்டும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஏப்ரலில் என்னால் வலது கையால் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. எல்லிங் இரண்டு தடவை கேட்டான், "நானும் பசங்களும் வந்து வெட்டித் தரட்டுமா?" என்று. "ஏன், எனக்குக் கை இல்லையா?" என்றேன். இருந்த கை ஒன்றுதான்.

ஆகஸ்டில் கொஞ்சம் தேறியது. ரான்வெய்க் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போகும் நேரம் பார்த்து, மரம் பிளக்கும் இயந்திரத்தை இடது கையால் ஓட்டிப் பிளந்தேன். அது இன்னும் பச்சை. கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. போன வருடக் காய்ந்த விறகில் மிச்சம் இருந்தது ஒரு வரிசைக்குத்தான் வந்தது. அந்த ஒரு வரிசையைத்தான் சுவரோரம் எழுப்பியிருக்கிறேன். பின்னால் சாமான் இறக்கும் மரச்சட்டங்களை நிமிர்த்தி நிறுத்தி, மேலே தார்ப்பாய் போட்டு, ஓரத்தை நாலு கட்டையால் அடைத்துவிட்டேன். ரோட்டிலிருந்து பார்த்தால் ஐந்து வரிசை ஆழம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நான் இல்லாத பூசணிக்காயைச் சோற்றின்மேல் வைத்துக் காட்டுகிறேன்.

இதில் இன்னொரு கூத்து. வீட்டில் காய்ந்த விறகு அந்த முன்வரிசை மட்டும்தான். அதில் கைவைத்தால் குட்டு உடைந்துவிடும். பச்சை விறகை முன்னால் வைத்துவிட்டுக் காய்ந்ததை எரிக்கலாமே என்றால் அதுவும் முடியாது. புதிதாக அறுத்த முகம் வெண்ணெய் நிறத்தில் இருக்கும், காய்ந்தது சாம்பல் நிறத்தில் வெடித்திருக்கும். இந்த ஊரில் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நானே எத்தனை பேரை அப்படிக் கண்டுபிடித்து நாறடித்திருக்கிறேன்!

ஆக, காய்ந்ததைக் காட்சிக்கு வைத்துவிட்டு ஈரத்தை எரிக்கிறேன். அறுபத்து நாலு வயது எனக்கு.

அக்டோபர் 30
வெளியே −8. உள்ளே 21.

வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்குள் விறகு சீறுகிறது. முனையில் நுரை தள்ளுகிறது. இன்றைக்கு அடுப்பின்மேல் எட்டுக் கட்டையைக் காய வைத்தேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

"என்ன, வீடு சலவைக்கடை மாதிரி இருக்கு?" என்றாள் ரான்வெய்க்.

மழை நாளில் எடுத்து வந்த விறகு என்றேன். இரண்டு வாரமாக மழையே இல்லை.

நவம்பர் 4
வெளியே −6. உள்ளே 21.

புகைபோக்கி சுத்தம் செய்யும் மாரித் வந்தாள். நான் ஓட்டிய பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போன பெண். ஆறாவது வரைக்கும் என் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வருவாள். கூரை ஏறி இறங்கி, கையுறையைக் கழற்றி, ஒரு கரித்துண்டை என் கண்ணெதிரே நீட்டினாள். கண்ணாடி மாதிரி மினுமினுத்தது.

"இது சாதாரணக் கரி இல்ல. தார் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. உங்க வீட்ல நான் இதைப் பார்த்ததே இல்லையே. என்னத்தை எரிக்கறீங்க?"

"பிர்ச். வேற என்ன?"

"காஞ்சதா?"

கையை மட்டும் நீட்டி அடுக்கைக் காட்டினேன். அவள் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"உங்ககிட்டப் போய் இதைக் கேட்டேன் பாருங்க! அப்ப ராத்திரியில காத்துவாயை ரொம்ப மூடறீங்க. அடுப்பை மூச்சு முட்ட வைக்காதீங்க. திறந்து நல்லா எரிய விடுங்க."

காப்பி குடித்துவிட்டுப் போனாள். பையில் ஈரம் அளக்கும் கருவி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டையில் குத்தியிருந்தால் போதும்.

குத்தமாட்டாள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாகச் சேர்த்த பெயரை ஒரு கையசைப்பில் செலவழித்தேன். அதுவும் அந்தப் பெண்ணிடம்.

நவம்பர் 9, ஞாயிறு
வெளியே −11.

ரான்வெய்க்குக்குத் தெரிந்துவிட்டது.

நான் கடைக்குப் போயிருந்தபோது அடுப்பு அணையப் போனதாம். கொட்டகைவரை நடப்பானேன் என்று பக்கத்திலிருந்த அடுக்கின் ஓரத்தில் கட்டை உருவியிருக்கிறாள். கட்டையோடு தார்ப்பாய் வந்தது, தார்ப்பாயோடு மரச்சட்டம் வந்தது. நான் திரும்பி வரும்போது கோட்டுகூடப் போடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என்கிட்டயுமா?" என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். நான் சட்டத்தைத் திரும்ப நிமிர்த்தினேன். ஆமாம், அதைத்தான் செய்தேன். பெண்டாட்டி பின்னால் போகாமல், யாராவது ரோட்டில் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, சட்டத்தை நிமிர்த்தினேன்.

அவள் அப்பா பெண் கொடுப்பதற்குமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே விறகு அடுக்கைச் சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்து, இரண்டு கட்டையைத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, "சரி" என்றார். அவர் மட்டும்தான் பின்பக்கம் பார்த்தார் இதுவரை.

நவம்பர் 10
பேசவில்லை.

நவம்பர் 11
பேசவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 15
வெளியே −14. உள்ளே 21.

எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குப் போனேன், மூட்டை விறகு வாங்க. நம் ஊரில் வாங்கினால் தலை நிமிர முடியாது. பெட்ரோல் பங்கு வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கார் டிக்கியில் மறைக்கப் போர்வைகூடக் கொண்டு போயிருந்தேன். இரண்டு மூட்டையைக் கையில் எடுத்தாயிற்று.

"அட, தோர்கிரிம்!"

எல்லிங்கின் மனைவி கிர்ஸ்டி. பல் டாக்டரிடம் வந்தாளாம், ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மூட்டை கையிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

"விழுந்து கிடந்துச்சு, எடுத்து வச்சேன்" என்றேன்.

உள்ளே போய்க் கார்க் கண்ணாடி கழுவும் திரவம் ஒரு கேன் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று கேன் இருக்கிறது. நூற்று நாற்பது கிலோமீட்டர்!

ரான்வெய்க் கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆறு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்: "இதை எரிக்கப் போறியா?"

டிசம்பர் 2
வெளியே −17. உள்ளே 21.

மகள் இங்வில் போன் பண்ணினாள். இருபதாம் தேதி வருகிறாளாம், குழந்தையோடு. மருமகனுக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை, புது வருடத்துக்குத்தான் லீவு. பேத்தி சுன்னிவாவுக்கு ஏழு வாரம். நான் இன்னும் தூக்கவில்லை.

"அப்பா, வீடு சூடா இருக்குமா? அம்மா குரல்ல சளி கட்டியிருக்கு. எல்லிங் மாமா வீட்ல இருக்கற மாதிரி ஒரு ஹீட் பம்ப் போட்டுடலாம்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். இல்லன்னா நாங்க வசந்தத்துல வர்றோம்."

"என் பேத்தியைச் சூடா வச்சுக்க எனக்குத் தெரியாதா? அடுக்கோட போட்டோ அனுப்பட்டுமா?"

அனுப்பினேன். ரோட்டிலிருந்து எடுத்த போட்டோ.

டிசம்பர் 3
வெளியே −15. உள்ளே 21.

ரான்வெய்க் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"முன்னாடி நிக்கறதை எரி."

"பார்க்கறவங்க..."

"பார்க்கறவங்க பார்த்துட்டுப் போகட்டும். ஏழு வாரக் குழந்தை நடுங்கணுமா உன் அலங்காரத்துக்கு?"

குழந்தை வந்ததும் எரிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நல்ல மனதோடுதான் கொடுத்தேன்.

டிசம்பர் 20, சனி
வெளியே −22. உள்ளே 21.

வந்துவிட்டார்கள். சுன்னிவா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கைதான், ஆனால் பிடி டீசல் பம்புக்காரன் பிடி.

முன்வரிசையின் மேல்தட்டு இரண்டை மட்டும் எடுத்தேன். அடுக்கு கொஞ்சம் குள்ளமானது, பனி மூடியிருப்பதால் தெரியவில்லை. அதை ராத்திரிக்கென்று வைத்துக்கொண்டு பகலில் ஈரத்தையே போட்டு, அணையாமல் இருக்கக் காற்றுவாயை மூடிவைத்தேன். மாரித் செய்யாதே என்று சொன்னதை அப்படியே.

டிசம்பர் 22
வெளியே −28. உள்ளே 21.

எல்லிங்கும் கிர்ஸ்டியும் கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பாவோடு குழந்தையைப் பார்க்க வந்தார்கள். வந்ததும் எல்லிங் சொன்னது: "இந்த அடுக்கு இருக்கற வரைக்கும் உங்க வீட்டுக் குழந்தைக்கு என்ன கவலை?" ரான்வெய்க் சமையலறைக்குள் போய்விட்டாள். அவர்கள் எதிரில் எப்படிப் போய் உருவுவேன்? நாளைக்கு எரிக்கலாம் என்று விட்டேன்.

குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குமுன் இங்வில் கேட்டாள், "அப்பா, உள்ள எத்தனை இருக்கு?"

"இருபத்தொண்ணு."

அவள் முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். என் பேச்சைத் தொட்டுப் பார்க்கவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

எல்லிங் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

காலையில் வெளியே −31. குழந்தையின் மூக்கு சில்லிட்டிருந்தது. ரான்வெய்க் என்னைப் பார்த்த பார்வையில், போய் முன்வரிசையின் ஒரு ஓரத்தை முழுசாக உருவிக்கொண்டு வந்தேன். காய்ந்த விறகு, காற்றுவாய் முழுக்கத் திறப்பு. எத்தனை மாதம் கழித்து அப்படி ஒரு நெருப்பு! இங்வில்கூட "ஆஹா" என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பதினொரு மணி இருக்கும். மாடியில் யாரோ பஸ்ஸை ஸ்டார்ட் செய்தமாதிரி சத்தம் வந்தது. டீசல் எஞ்சின் உறுமுகிற சத்தம். சத்தம் சுவருக்குள்ளிருந்து. அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் இரும்புக் குழாய் சிவந்துகொண்டு வந்தது. மாதக்கணக்காக நான் பிடிக்கவைத்த தாரில் நல்ல விறகின் தீ பற்றிக்கொண்டுவிட்டது.

குழந்தை மாடியில், அந்தப் புகைபோக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். இங்வில் ஏறினாளா பறந்தாளா தெரியாது. கோட்டுக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு காலில் செருப்புகூட இல்லாமல் −31-இல் வெளியே ஓடினாள். நான் காற்றுவாயை அடைத்தேன், போன் பண்ணினேன். ரோட்டுக்கு ஓடிக் கையை ஆட்டினேன், இடது கையை.

எல்லிங் தீயணைப்பு வண்டியோடு பத்து நிமிடத்தில் வந்தான். கூட ஐந்து பேர், ஐந்து பேரும் நான் மார்க் போட்டவர்கள். புகைபோக்கியின் வாயிலிருந்து பொறி கொட்டிக்கொண்டிருந்தது, நேரே அடுக்கின் தார்ப்பாய்மேல்.

"அடுக்கைச் சாய்ங்கடா! சுவத்துலேருந்து எடுங்க!" என்று எல்லிங் கத்தினான்.

"வேண்டாம்" என்றேன். வீடு எரியும்போது, பேத்தி பனியில் நிற்கும்போது, வேண்டாம் என்றேன்! யாருக்கும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ரான்வெய்க்குக் கேட்டது.

இரண்டு பேர் கொக்கியைப் போட்டு இழுத்தார்கள். ஐந்து வரிசை விறகைச் சாய்க்கிற பலத்தோடு இழுத்தார்கள். ஒரு வரிசை பொசுக்கென்று சரிந்தது. இழுத்தவர்கள் இரண்டு பேரும் பின்னால் போய் விழுந்தார்கள். பின்னால் மரச்சட்டமும் தார்ப்பாயும் நின்றன.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

எல்லிங் அந்தச் சட்டங்களை ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "சரி. பொம்பளைங்க எல்லாம் எங்க வீட்டுக்குப் போங்க. கிர்ஸ்டி காப்பி போட்டிருப்பா."

வீடு பிழைத்தது. புகைபோக்கி வெடித்துவிட்டது. அடுப்பு மூட்டக்கூடாது என்று தடை.

இங்கே 22 டிகிரி. அவனுடைய ஹீட் பம்ப் பூனை மாதிரி முனகுகிறது. சுன்னிவா அதற்குக் கீழேதான் தூங்குகிறாள்.

டிசம்பர் 24

எல்லிங் வீட்டில் கிறிஸ்துமஸ். ஆட்டு விலா, அரிசிக் கஞ்சி. கஞ்சிக்குள் ஒளித்துவைத்த பாதாம் பருப்பு எனக்கு வந்தது. அது வருபவனுக்குத்தான் பரிசு. வாயிலேயே வைத்திருந்து விழுங்கிவிட்டேன். பாதாம் எங்கே போயிற்று என்று எல்லோரும் தேடினார்கள்.

டிசம்பர் 26

இங்வில் கிளம்பிவிட்டாள். புது வருடம்வரை இருப்பதாகத்தான் வந்தாள்.

காரில் குழந்தையை வைத்துக் கட்டியபின் என் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நாளா?"

"பிப்ரவரியிலேருந்து. தோள் கிழிஞ்சிடுச்சு. சுளுக்கு இல்ல."

"மாரித் வந்தாளே, அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"அடுக்கைக் காட்டினேன்."

கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"எனக்கு விறகு இல்லாதது பெரிசு இல்லப்பா. விறகு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒரு ஹீட்டர் தூக்கிட்டு வந்திருப்பேன். இருபத்தொண்ணுன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் அவளை நான் அந்த ரூம்ல போட்டேன்."

கார் திரும்பும்வரை நின்றேன். கை ஆட்டவில்லை, அவளும் ஆட்டவில்லை.

டிசம்பர் 27
வெளியே −19. உள்ளே 13.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு மின்சார ஹீட்டர், படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று.

இந்த நோட்டைப் புரட்டினேன். அக்டோபர் கடைசியிலிருந்து 'உள்ளே 21' என்று எழுதியிருப்பது அத்தனையும் பொய். 18, 17, சில நாள் 16. யாரும் படிக்காத நோட்டில் யாருக்காகப் பொய் எழுதினேன்? எழுதினால் சூடு ஏறிவிடுமா? முப்பத்தொரு வருடம் பிள்ளைகளை ஏற்றிப் போனவன், மைனஸ் நாற்பதிலும் ஒரு நாள் தப்பாக எழுதினதில்லை.

எல்லாவற்றையும் அடித்துத் திருத்த நினைத்தேன். வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 13
வெளியே −24. உள்ளே 14.

மாரித் கேமராவைக் கயிற்றில் கட்டிப் புகைபோக்கிக்குள் இறக்கினாள். மேலிருந்து கீழ்வரை விரிசல். உள்ளே இரும்புக் குழாய் இறக்கினால்தான் இனி அடுப்பு. அவள் கருவியை மடித்து வைக்கிறவரை காத்திருந்து சொன்னேன், உன்னிடம் பொய் சொன்னேன் என்று.

"வாயால ஒண்ணும் சொல்லலையே நீங்க" என்றாள். அப்புறம், "மீட்டர் என் பையிலதான் இருந்துச்சு. உங்க அடுக்குல குத்தறதுக்கு வெக்கமா இருந்துச்சு எனக்கு. தீப்பிடிச்ச அன்னிலேருந்து தூக்கமே வரலை" என்றாள்.

ஐயோ. என் அவமானம் என்னோடு போகும் என்று நினைத்தேன். இந்தப் பெண்ணுக்கும் பங்கு கொடுத்திருக்கிறேன்.

"குத்தியிருந்தா நான் உன்மேல கோவப்பட்டிருப்பேன்" என்றேன்.

"இனிமே எல்லார் வீட்லயும் குத்தறேன். கோவம் வந்தா வரட்டும்."

பிப்ரவரி 6
வெளியே −12. உள்ளே 15.

வீட்டுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரான்வெய்க் ஒரு சாக்ஸ் பின்னிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அளவு சரியாக இருந்தது.

பிப்ரவரி 14
வெளியே −9. உள்ளே 15.

ஏழு வாரத்தில் முதல் தடவையாகக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் என் அடுக்கின் படம் இருக்கும், நாலு வருடத்துக்கு முன் வட்டாரப் பத்திரிகையில் வந்தது. அதைக் கழற்றச் சொல்லலாம் என்று வார்த்தைகளையெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருந்தது.

கடைக்கார ஹெர்டிஸ் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினாள். வெயில் வரப்போகிறது என்றாள், முட்டை புதுசு என்றாள். திட்டியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். பாலை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு
வெளியே −4. உள்ளே 16.

மரம் வெட்டும் பருவம் வந்துவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க ரம்பச் சத்தம். வலது கை இன்னும் காது உயரத்துக்கு மேலே போகவில்லை.

ரான்வெய்க் கேட்டாள், "என்ன செய்யப் போற?"

தெரியாது என்றேன்.

"தெரியும் உனக்கு."

மார்ச் 10

எல்லிங் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 11

இன்றும் போய்த் திரும்பினேன். ஜன்னல் வழியாகக் கிர்ஸ்டி பார்த்துவிட்டாள். கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன், நடைப்பயிற்சி போகிறவன்மாதிரி.

மார்ச் 12
வெளியே −2. உள்ளே 16.

கேட்டேன்.

"எல்லிங், என்னால இந்த வருஷமும் முடியாது. வந்து வெட்டித் தர்றியா?" இதுதான் முழுசும். ஒரு வருடம் தொண்டையில் கிடந்தது, சொல்ல மூன்று நொடி.

அவன் தலையைச் சொறிந்தான். "தர்றேன். ஆனா ஒண்ணு, நான் அடுக்கினா பூஜ்யம்தான் வரும்."

சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அவன் நாகரிகமாக ஹீட் பம்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 18, சனி
வெளியே 6. உள்ளே 17.

வந்தார்கள். எல்லிங், பாலத்தடி வீட்டுக்காரன், வாத்தியார், மாரித். வெட்டின மரத்தைப் பிளந்து அடுக்கினார்கள். எனக்கு வேலை காப்பி ஊற்றுவதும் வாஃபிள் சுடுவதும். இடது கையால் மாவு கலக்கினேன்.

எல்லிங் பட்டை கீழே பார்க்கிறமாதிரி அடுக்குகிறான். நாற்பது வருடமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது, பட்டை மேலேதான் பார்க்கவேண்டும், மழை ஓடிவிடும் என்று. இதற்காக ஒருத்தரோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன். இடது ஓரம் தொந்தி வேறு. நாக்கு நுனிவரை வந்தது.

"இன்னொரு வாஃபிள் எடுத்துக்கோ" என்றேன்.

மே 1
வெளியே 8. உள்ளே 17.

ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தேன். பட்டை கீழே பார்த்தும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

மே 16, சனி
வெளியே 9. உள்ளே 17.

இங்வில் வந்தாள், நாளைய தேசிய தினக் கொடியேற்றத்துக்கு. வருகிறேன் என்று சொன்னது ரான்வெய்க்கிடம், என்னிடம் இல்லை.

கார் நின்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்குள் வரவில்லை. நேரே விறகு அடுக்குக்குப் போனாள். முன்னால் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தாள். இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். அவள் தாத்தா பார்த்தமாதிரியே. நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் என் விறகைப் பின்னால் போய்ப் பார்க்கும்படி வைத்துக்கொண்டேனே என்று இருந்தது. பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும் என்றும் இருந்தது.

"நல்லா ஆழமா இருக்கே" என்றாள்.

"நான் அடுக்கலை. எல்லிங் அடுக்கினது. வாத்தியாரும் மாரித்தும் வந்தாங்க. நான் வாஃபிள் சுட்டேன்."

"கோணையா இருக்கு."

"இருக்கு."

பிறகு படிக்கு வந்தாள்.

"எந்தத் தோள்?"

"வலது."

சுன்னிவாவை என் இடது பக்கம் கொடுத்தாள். கனத்துவிட்டாள், ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறதே. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே வந்தபின் இங்வில் குழந்தையின் கம்பளித் தொப்பி முடிச்சில் கைவைத்தாள். அவிழ்க்கப் போனவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள எத்தனை இருக்கு?"

நான் வெப்பமானிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"பதினேழு."

"சரி, அப்போ தொப்பி இருக்கட்டும்" என்றாள்.